ஒன்பதாம் பலகை

மார்த்தாண்டம் பள்ளியின் தகரக் கூரைக்குக் கீழே
இரண்டாம் நாள், காலையின் முதல் ஆட்டம்.
எதிரே குலசேகரம் ஜோபின் ஞானாபரணம்.
என்னைவிட நூற்றுப்பத்துப் புள்ளி கூடுதல்.
நகத்தோரம் ஏதோ வெள்ளையாய்க் காய்ந்திருந்தது.

எனக்கு மிச்சம் யானையும் ஒரு சிப்பாயும்.
அவருக்கு யானையும் மூன்று சிப்பாய்களும்.
கூட்டுறவு வங்கியில் கடன் கணக்கு பார்ப்பவள் நான்,
வராத கடன் எதுவென்று
காகிதத்தைத் தொட்டாலே தெரியும்.

அவர் யானையை ஏழாம் வரிசையில் வைத்த நொடி
மழை இறங்கியது,
கூரை முழுக்கப் புளியங்கொட்டை கொட்டியதுபோல்.
தலைதூக்கி ஜன்னலைப் பார்த்தார்.
கடிகாரத்தை அழுத்தவில்லை.

அவர் பக்கம் ஆறு நிமிடம் நாற்பது வினாடி.
நான் நெற்றியில் கைவைத்தேன், யோசிப்பவளைப் போல.

சொல்லியாக வேண்டும் என்று விதியில் இல்லை.
நடுவரும் பார்த்தார், அவர் சொல்லவே கூடாது.
ஐந்து. நாலு பத்து.
என் சிப்பாயின் தலையில் ஒரு கீறல்.
எட்டாம் பலகைப் பையன் மூக்கை உறிஞ்சுகிறான்.
எங்கு வேண்டுமானாலும் பார்க்கலாம்,
கடிகாரத்தை மட்டும் பார்க்கக் கூடாது.
என் கண் போனால் அவர் கண்ணும் கூடவே வரும்.

அவரோ மழையில் இருந்தார்,
மழைக்கும் வடக்கே எங்கேயோ.
ஒரு நிமிடம் இருக்கும்போது பலகைக்குத் திரும்பி
என்னைப் பார்த்துச் சிரித்தார்,
அவசரமில்லை, யோசியுங்கள் என்பதுபோல.

பூஜ்யம் விழுந்ததும் நடுவரை அழைக்க
என் கை தானாக உயர்ந்தது.
தானாக என்பது பொய்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கைகொடுத்தார்.
ஒட்டுப்பால் வாசம்.
"வெளுக்கதுக்கு முன்ன நானூறு மரம் வெட்டிட்டு வந்தேன்.
வீட்டுக்காரிக்குக் காய்ச்சல், பாலெடுக்க ஆளில்ல.
சிரட்டை பூரா இப்ப வெள்ளமா இருக்கும்.
அந்த நெனப்புல கடிகாரம் மறந்துபோச்சு."

மதியம் மழை விட்டிருந்தது.
பொதிச்சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு
அதே நிலையை மறுபடி அடுக்கினார்.
"யானை இஞ்ச. பெறகு ராஜா இப்பிடி.
அஞ்சே நகர்வு. பாத்தியளா?"

ஓ, என்றேன்,
அப்போதுதான் பார்க்கிறவளைப் போல.