நாலெழுத்து

கடலூர் முதுநகர், துறைமுகம் போகும் சாலை.
ஜெய்லானி பாயின் பெயர்ப்பலகைக் கடையில்
எழுத்துக்கு நாற்பது ரூபாய்.
புள்ளிக்குக் காசில்லை.

"சி. பூங்காவனம், இனிஷியலோட ஏழு.
முன்னால என்ன போட, டாக்டரா முனைவரா?
ரெண்டும் நாலெழுத்து, ஒரே விலைதான்."

பொண்ணு நாலெழுத்து படிக்கட்டும் என்றுதான்
ஐஸ் கம்பெனியில் இரவுப்பணி பார்த்தார் அப்பா.
நாலெழுத்து நூற்றறுபது ரூபாய் என்று
அவரிடம் யாரும் சொல்லவில்லை.

"மு. மட்டும் போட்டால்?"
"நாற்பதோட முடிஞ்சுது. ஆனா
உங்க தாத்தா பேரு முனுசாமியான்னு கேப்பாங்க."

டாக்டர் என்றால்
லத்தீனில் கற்பிப்பவர்.
ஐரோப்பாவின் பழைய கூடங்களில்
பாடம் சொல்ல உரிமம் வாங்கியவருக்கு
வைத்த பெயர். பிறகு
ஊசியும் மாத்திரையும் வந்து
பெயரைத் தூக்கிக்கொண்டு போயின.
நானும் கற்பிக்கிறேன்தான்,
மணிக்கணக்குச் சம்பளத்தில்.
மே மாதம் அதுவும் இல்லை.

முனை என்றால் நுனி,
ஊசிக்கும் உண்டு, நிலத்துக்கும் உண்டு.
போர்க்களமும் முனைதான்.
முனைதல், முயல்வது.
அகராதியில் இன்னும் நாலு வரி இறங்கினால்
வெறுப்பதற்கும் அதே சொல்.
ஐந்தாம் ஆண்டு, மூன்றாம் இயலை நெறியாளர்
திருப்பி அனுப்பிய மழைநாளில்
அந்தப் பொருள்
அகராதி இல்லாமலே எனக்கு விளங்கியிருந்தது.
முதல் நூல் கண்ட இறைவனையே
முனைவன் என்றார்களாம் இலக்கணக்காரர்கள்.
நான் கண்டது
உப்பனாற்றுச் சேற்றில் நூற்றுப் பன்னிரண்டு நண்டு.
ஓடு மெலிந்தவை எழுபத்தொன்று.

நண்டு பிடித்துத் தந்த அஞ்சலாட்சி
பட்டம் வந்த சேதி கேட்டு
மற்றவர்கள் மாதிரி முட்டியை நீட்டவில்லை.
"எதுக்கு டாக்டரு?" என்றாள்.
நண்டுக்கு.
"அதுக்கு இன்னா சீக்கு?"

சொன்னேன், இருபது நிமிடம்.
வாய்மொழித் தேர்வில்கூட
அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.
கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டே கேட்டாள்:
"மருந்து?"

முந்நூற்று நாற்பது பக்கத்தில்
அதற்கு ஒரு வரி வைத்திருக்கிறேன்.
மேலாய்வுக்குரியது.

பாய் பார்த்தார், கடிகாரத்தையும் என்னையும்.
"நீங்க யோசிச்சு வைங்க.
ரெண்டுக்கும் பொதுவானதை ஒட்டிடறேன்."
டப்பாவைக் கிளறிப் பித்தளை நிறத்தில் ஒன்றை எடுத்து
பசை தடவி, ஊதி,
பெயருக்கு முன்னால் கட்டைவிரலால் அழுத்தினார்.

மூன்றெழுத்துக்கு இடம் விட்டு
ர்.

சொல் இன்னும் வந்து சேரவில்லை.
மரியாதை மட்டும்
முன்னால் வந்து ஒட்டிக்கொண்டு
காய்கிறது.