மணி முறை

இந்தக் கிழமை மணி என் முறை.
மணி என்று பெயர்தான்.
பங்கருக்குக் கூரையாகப் போகாமல் தப்பிய
ஒன்றரை முழத் தண்டவாளத் துண்டு,
வேம்பில் தொங்குகிறது. அடிக்க ஒரு துருப்பிடித்த போல்ட்.
விடிய ஐந்தேகாலுக்குப் பன்னிரண்டு அடி.

நேற்று எபிரேய வினைச்சொற்களோடு மல்லுக்கட்டி
ஒரு மணிக்குச் சரிந்தேன், மாற்றிய உடுப்போடு.
கைபேசி கத்தியது, அமத்தினேன்.
அதுவரைதான் எனக்குத் தெரியும்.

சங்குவேலியில் மார்கழி.
ஒழுங்கையால் பொடியள் சங்கூதிச்
சேமக்கலம் தட்டிக்கொண்டு போனார்கள்,
கோயிலுக்குச் சனத்தை எழுப்ப.
எழும்பியது நாங்கள்.
இரும்புக்கும் வெண்கலத்துக்கும்
அரைத்தூக்கத்தில் யார் வித்தியாசம் பார்த்தது?

சுகிர்தமலர் ஈரத்தலையோடு சங்கீதம் தேடுகிறா.
எங்கள் குளிரைப் பார்த்துச் சிரிக்கிற மஸ்கெலியா யோவேல்
சேட்டுப் பொத்தான் மாறிப் பூட்டியிருக்கிறான்.
கடைசியாக நுழைந்த என்னிடம் நேசதுரை ஐயர்
மணிக்கூட்டைக் காட்டித் தலையாட்டினார்:
“இண்டைக்குத்தான் தம்பி நேரத்தோட அடிச்சிருக்கிறீர்.”

பாவ அறிக்கைக்கு முன் ஒரு நிமிட மௌனம்.
மற்ற நாட்களில் தேடித்தான் பிடிக்க வேணும்.
இன்று கையிலேயே இருக்கிறது,
எந்தக் கட்டளைக்குக் கீழே வைப்பதென்றுதான் தெரியவில்லை.
முழந்தாளிட்டதில் போல்ட்
காற்சட்டைப் பைக்குள் தொடையைக் குத்துகிறது.
அந்த மௌனத்துக்குள் சேமக்கலம்
அடுத்த ஒழுங்கையால் திரும்பி வருகிறது, கிட்ட,
இன்னும் கிட்ட.
ஐயர் கண்ணைத் திறக்கவில்லை.
யன்னலை ஒருவரும் சாத்தவில்லை.

மன்றாட்டு சுகிர்தமலரின் முறை.
வெள்ளம் நிற்கிற வெங்காயப் பாத்திகளுக்காக.
ஆஸ்பத்திரியில் கிடக்கிற சமையற்கார மேரியக்காவுக்காக.
அவவுக்குப் பதிலாகப் புட்டவிக்கிற யோவேலுக்காகவும்,
அதைத் தின்னப்போகிற எங்களுக்காகவும்
(சிரிப்பை இருமலாக்கினோம்).
காணாமல் போனவர்களுக்காக
என்று சொல்லி ஒரு மூச்சு நிற்பா.
ஒவ்வொரு நாளும் நிற்பா.
அந்த ஒரு மூச்சுக்குள் அவவின் அண்ணன் இருக்கிறார்.
நாங்களும் நிற்போம்.
அதற்குப் பிறகுதான் “ஆண்டவரே, கேட்டருளும்.”

புட்டு கட்டிப்பட்டிருந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

ஐயரிடம் சொல்ல வேணும்.
கோப்பை கழுவும்போது சொல்லலாம் என்று பார்த்தேன்,
அவர் நாளைக்கும் இப்படியே அடியும் என்றார்.

நாளைக்கு ஐந்து மணிக்கே
வேம்படியில் நிற்பேன், போல்ட்டும் கையுமாய்.
ஒழுங்கை முடக்கில் சங்கு கேட்டால்
முந்திக்கொண்டு அடிப்பேனா,
அவர்கள் கடக்கும்வரை பொறுப்பேனா,
இப்போது கேட்காதையுங்கோ.