இரண்டு கண்ணி

கடிகாரம் ஒன்று, கை இரண்டு.
இராவேலை வாரம் தவசீலனுக்கு,
கொழுந்து வாட்டும் மாடியில்
விசிறியை நிறுத்தும் நேரம் பார்க்க.
மற்ற வாரம் எனக்கு;
நோர்வூட் பஸ் யாருக்கும் காத்திருக்காது.

ஞாயிறு மாலை
பழைய பாட்டா செருப்பின் குதியைக் கீறி
சங்கிலியை அதில் செருகுவோம்.
உட்புறம் மயிரளவு அம்புக்குறி.
அது காட்டும் பக்கம் ஊசியை வைத்து
பாக்குவெட்டி முதுகால் ஒரு தட்டு.
எதிர்ப்பக்கம் தட்டினால் சனியன் அசையாது.
ஒருமுறை ஆணி தெறித்து
மா வாளிக்குள் போனது.
அன்றைய ரொட்டியை
மெதுவாகத்தான் மென்றோம்.

என் கைக்கு இரண்டு கண்ணி கழற்ற வேண்டும்.
கழற்றியவை சித்தாலேப டப்பிக்குள்.
அவன் வாரத்தில் டீமேக்கர் கேட்டாராம்,
தலைவலியா என்று.

இன்று ஒன்றைக் கழற்றி
அடுத்ததில் ஊசி வைத்தான்.
"போதும்" என்றேன்.
பல்லிடுக்கில் ஆணி,
புருவத்தால்தான் கேட்டான்.
"ஏழாம் மாசம் கைகால் தடிக்குமாம்,
கிளினிக் மிஸ்ஸி சொன்னா."

சங்கிலியைச் சும்மா சுற்றிப் பார்த்தான்.
சரியாக இருந்தது.
பிறகு என் மணிக்கட்டைப் பெருவிரலால் அமுக்கி எடுத்து,
அந்தச் சின்னக் குழி நிரம்பும்வரை
விநாடி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான்,
ஆணியைத் துப்பாமல்.