நான்காவது தட்டு

ஞாயிறு மாலை ஆறரைக்கு
முதல் தட்டை உருவினேன்.
தர்மபுரி நாலு ரோடு, ஸ்கேன் சென்டர் மாடி,
ஏ.சி. சொட்டுக்கு அடியில் ஒரு பெயிண்ட் வாளி.

ஏழு வருட எலும்புகள் இதற்குள்:
பென்னாகரம் பக்கத்துத் தண்ணீரில் இறுகிய முதுகுகள்,
தொப்பூர் இறக்கத்தில் நொறுங்கிய இடுப்புகள்,
ஐந்து ரூபாய் விழுங்கிய பாப்பாரப்பட்டிப் பையன்.

ஒன்றை எடுத்தால்
மிச்ச மூன்றும் கூட்டிக் கழித்து
இல்லாதவன் என்ன சொல்லியிருப்பான் என்று
புதியவன் காதில் ஓதுகின்றன.
அதற்குள் இன்னொன்று மூச்சை விட்டால்
எல்லாம் போச்சு.
காப்பு நகல் இருக்கிறது. இருந்தும்
யு.பி.எஸ். கீச்சிட்டால் வயிறு கலங்கும்.

தட்டுக்கு ஒன்பது மணி நேரம்.
"முடிஞ்சுதாண்ணா?" திங்களன்று மூன்று முறை கேட்டாள்
எக்ஸ்ரே ஜெசிந்தா.

செவ்வாய் விடிகாலை நான்காவதும் பச்சை.
திரையில் பார்த்தால்
அதே பழைய கொள்ளளவு.
நாலு பேரும் வளர்ந்தாயிற்று,
யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

சொன்னேன். ஒரு வரிக் கட்டளை.
அடுக்கு விரிந்தது.
மேலே உட்கார்ந்திருக்கும் கோப்பு முறைக்குத்
தனியாக இன்னொரு தரம் சொல்லவேண்டியிருந்தது,
அளந்து கல் நட்ட பிறகும்
பட்டாவில் ஏற்ற அலைவது போல.

எட்டு மணிக்கு ஜெசிந்தா மெஷினைப் போட்டாள்.
காலி வெளியில் முதலில் வந்து விழுந்தது
காரிமங்கலத்து யாரோ ஒருவரின் முழங்கால்.
வலது. தேய்ந்தது.

பழைய நான்கையும்
நேற்றைய பேப்பரில் சுற்றிப் பையில் வைத்தேன்.
அவற்றுக்குள்ளும் அதே எலும்புகள்தான்.
தனித்தனியே கேட்டால்
ஒன்றுக்கும் முழுதாய்த் தெரியாது.