சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு

காலை ஆறே கால்.
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது.
கூட்ஸ் வண்டி ஒன்று
என் பசியை எண்ணிக்கொண்டே
பெட்டி பெட்டியாகப் போகிறது.

கேட்டுக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி.
மாதத்தின் முதல் செவ்வாய், சர்க்கரை நாள்.
நேற்று ராத்திரி எட்டு மணியிலிருந்து
பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது.
என் டோக்கன் நாற்பத்தி மூணு.

வெறும் வயிற்றோடு ஐம்பது பேரை
வரிசையாக பெஞ்சில் உட்கார வைத்துப் பாருங்கள்.
அரசியல் பேச மாட்டார்கள்.
சாமி பேச மாட்டார்கள்.
யாராவது ஒருத்தர்
"காசிமேட்டுல இன்னிக்கு நெத்திலி வந்துகீதாமே" என்பார்.
அவ்வளவுதான்,
அடுப்பு பற்றிக்கொள்ளும்.

தலையைக் கிள்ளுவதா வேண்டாமா என்று
மீன் ஏலம் விடும் தேசராணிக்கும்
ஹார்பரில் கிரேன் ஓட்டிய எத்திராஜுக்கும் சண்டை.
மாங்காய் போட்ட குழம்புக்குப் புளி எதுக்கு,
இது மஸ்தான் பாய்.
போன வருஷம் இடது காலில் ஒரு விரலை
இதே கட்டிடத்தில் விட்டுவிட்டுப் போனவர்.
வியாசர்பாடி சேவுகன்
வாழைத்தண்டு சூப்பைக் காற்றிலேயே கிண்டினார்.
மிளகைத் தூவினார்.
பின் பெஞ்சில் ஒருவர் நிஜமாகவே தும்மினார்.

"நாப்பத்தி மூணு!"

ஊசி ஒன்றும் பெரிய வலி இல்லை.
மணலியிலிருந்து டேங்கர் ஓட்டுகிறேன், இருபத்திரண்டு வருஷம்.
ஒரு கை ஸ்டீயரிங்கில், ஒரு கை பரோட்டாவில்.
முந்தாநாள் என்ன தின்றேன் என்று
டாக்டரம்மா முதல் முறை கேட்டபோது
எனக்கு ஞாபகம் வந்தது டீசல் வாசனை மட்டும்.

பஞ்சை அழுத்தியபடி நர்ஸ் சொன்னாள்:
"போய் சாப்டு, கரெக்டா ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்க."
அரசாங்கம் எனக்குப் போட்ட உத்தரவுகளில்
இவ்வளவு இனிமையானது வேறில்லை.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு பூவரச மரம்.
பழைய தினசரியை விரித்தோம்.
சுவரில் ஒட்டிய போஸ்டரில் வட்டமாக ஒரு தட்டு,
பாதி காய், கால் சோறு, கால் மீன்.
யார் வீட்டு டப்பாவும் அந்தக் கணக்கில் இல்லை.
கேழ்வரகு அடை ஒருத்தரிடம்.
நெத்திலி மட்டும் ஒருத்தரிடம், சோறே இல்லாமல்.
வெறும் வெண்டைக்காய் கொண்டுவந்து
வெட்கப்பட்டு மூடியைத் திறக்காமல் இருந்தார் எத்திராஜ்.
திறந்ததும் அதுதான் முதலில் காலியானது.

தேசராணி பரிமாறினால்
ஒரே வாயில் விழுங்க முடியாது.
முகத்தையே பார்த்துக்கொண்டு இருப்பாள்.
"எப்டிகீது?"
நான் மென்றேன். யோசித்தேன்.
உப்பு சரி என்றேன்.
"உப்பு மட்டும்தானா?"
மறுபடியும் மென்றேன்.

முருங்கைக் கீரைக்கு ஒரு கசப்பு உண்டு,
கடைசியில், நாக்கின் ஓரத்தில்.
ஐம்பத்தோரு வயதில்
எங்களுக்கு அறிமுகம் ஆனது.

எல்லாரிடமிருந்தும் ஒரு வாய்.
எனக்கு வயிறு நிறைந்திருந்தது,
ஆனால் கனக்கவில்லை.
மஸ்தான் பாய் செருப்பைக் கழற்றி
நாலு விரலையும் வெயிலில் நீட்டிக்கொண்டார்.
"நூறு வயசு எல்லாம் எதுக்குப்பா நமக்கு," என்றார்.
"அடுத்த மாசம் சுறாப்புட்டு கொண்டாரேன்னு
சொல்லிக்கீது இந்தம்மா.
அதுவரைக்கும் இருக்கணும்."

"அதுக்கு அடுத்த மாசம்?" என்றார் சேவுகன்.

"அது அப்போ பாத்துக்கலாம். மாத்திரைய போட்டியா நீ?"

இரண்டாவது ஊசி.
சீட்டில் ஒரு எண், போன தடவையைவிடக் கொஞ்சம் கம்மி.
நான் அதை இரண்டு முறை பார்த்தேன், மடித்தேன்,
சட்டைப் பையில் லைசென்ஸுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

திரும்பும்போதும் கேட் மூடியிருக்கிறது.
பின்னால் ஒரு ஆட்டோ சும்மா ஹாரன் அடிக்கிறது.
எனக்கு அவசரமில்லை.
பல்லிடுக்கில் ஒரு கறிவேப்பிலை.
நாக்கால் நெம்பிக்கொண்டே நிற்கிறேன்.