எழுபத்து மூன்றரை

பெர்கனில் மழை நிற்கும் நாட்களைத்தான்
குறித்து வைப்போம்.
அன்று குறிக்க ஒன்றுமில்லை.
கயிறும் நங்கூரச் சங்கிலியும் விற்கிற கடைக்கு மேல்
ஆஸ்முண்டின் அறையில் வியாழக்கிழமை கூடியிருந்தோம்,
நாலு பேர், ஒரு ஹீட்டர்,
மூவாயிரத்துச் சொச்சம் அரக்குத் தட்டுகள்.

அந்தத் தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
நீலக் கொக்கு முத்திரை. இண்டியானாவில் ஏதோ ஒரு சிற்றூர்.
ஆறு பேர் வாசித்து, அடுத்த வருடமே கலைந்த குழு.
கப்பல் இன்ஜினியர் ஒருவர் பால்டிமோரில் வாங்கி
கம்பளிக் காலுறைக்குள் சுற்றிக் கொண்டுவந்தாராம்;
உறையின் மேல் அவர் மனைவி
பூந்தொட்டி வைத்த வட்டம் இன்னும் இருக்கிறது.
வேறு பிரதி இருப்பதாக இதுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.
ட்ரூல்ஸ் அதற்காகத் தன் படகை விற்றான்.
படகு ஓட்டை என்பது வேறு விஷயம்.

மொத்தம் மூன்று நிமிடம்.
கிளாரினெட் ஈரப் படிக்கட்டில் இறங்கி ஓடும், விழாது.
பியானோ பின்னாலேயே,
குடையோடு துரத்தி வருகிற ஆள் போல.
எல்லாம் அடங்கிய பிறகு
தேய்மானத்தின் பொரிச்சலுக்கு நடுவே
ஒரு குரல். இரண்டே சொல்.

அந்த இரண்டு சொல்லுக்காகத்தான் பதினோரு வருடம்.
பையன், என்பார் ஆஸ்முண்ட். பத்து வயது இருக்கும்.
கிளாரினெட்காரரின் மகன். பள்ளிக்கூடம் இல்லாத நாள்,
அப்பாவோடு வந்திருக்கிறான்,
சும்மா இரு என்றால் இருக்கிற வயதா?
பதினாலு பக்கம் எழுதி வைத்திருக்கிறார் இதைப் பற்றி.
பையனுக்கு அரைக்கால்சட்டைகூடப் போட்டுவிட்டார்.
ராண்டிக்கோ அது சொல்லே இல்லை, நாற்காலி கிறீச்சிட்டது.
ட்ரூல்ஸ் கட்சி மாறிக்கொண்டே இருப்பான்.
நான் குறிப்பேட்டுக்காரன்.
பியானோ என்ற கட்டத்தில் 'தெரியாது' என்று எழுதியிருந்தேன்,
குரல் என்ற கட்டத்தில், பென்சிலால், 'பையன்?'

ட்ரூல்ஸைக் கூட்டிப்போக வந்த அவன் அக்கா ஸிக்னே
மழைக்கோட்டைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.
பியானோவுக்குச் சுருதி கூட்டுவது அவள் பிழைப்பு.
ஜாஸ் பிடிக்காது. பல முறை சொல்லியிருக்கிறாள்.
பாதித் தட்டு ஓடியிருக்கும்,
"இது வேகமா ஓடுது" என்றாள்.
எழுபத்தெட்டு, என்றோம் நாலு பேரும் ஒரே குரலில்.
"பதிவு பண்ணின மெஷினும் எழுபத்தெட்டுல ஓடுச்சுன்னு
உங்களுக்கு யார் சொன்னது?
ஊதுறவன் எவனாவது இந்தச் சுருதியில வாசிப்பானா?
விரல் முறுக்கிக்கும். அரைப் படி இறக்கிப் பாருங்க."

ஊசி இடம் கொடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.
நாங்கள்தான் நூலைக் கோக்கவில்லை.

ராண்டி குமிழைத் திருகினாள்.
எழுபத்தாறு. எழுபத்தைந்து.
எழுபத்து மூன்றரையில் "போதும்" என்றாள் ஸிக்னே.
கிளாரினெட் மூச்சுவிட்டது.
என்ன துடிப்பு, என்ன துடிப்பு என்று
நாங்கள் மாய்ந்து மாய்ந்து எழுதியதெல்லாம்
மோட்டாரின் அவசரம்.
பிறகு அந்த இரண்டு சொல்.

பெண்.
முப்பது வயது இருக்கலாம். சிகரெட் இருக்கலாம்.
பியானோவுக்கு அத்தனை பக்கத்தில்,
கடைசிக் கட்டையிலிருந்து விரலை எடுத்த கையோடு:
"இன்னொரு தடவை."
கெஞ்சினாளா, கட்டளையிட்டாளா, பிடிபடவில்லை.
இன்னொரு தடவை வாசித்திருந்தால் அந்தத் தட்டு எங்கே,
என்று முனகினான் ட்ரூல்ஸ். விற்க அவனிடம் இன்னொரு படகு இல்லை.

நான் ரப்பரை எடுத்தேன்.
பதினோரு வருடத்துப் பென்சில், அழிய நேரமானது.
பெயர்க் கட்டம் அப்படியே காலி.

ஆஸ்முண்ட் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு, ஹீட்டரிடம் சொல்வது போல,
பழைய வேகத்தில் ஒரு முறை போடச் சொன்னார்.
யாரும் சிரிக்கவில்லை. ஸிக்னேகூட
கோட்டுப் பொத்தானைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள்.

எழுபத்தெட்டு.
கிளாரினெட் ஓடியது, குடையோடு பின்னால் பியானோ.
எல்லாம் அடங்கியதும்
அரைக்கால்சட்டையோடு அவன் வந்தான்,
இரண்டு சொல் சொன்னான்.
ஆஸ்முண்ட் கையை லேசாக உயர்த்தினார்,
பஸ் ஏற்றிவிட்டவர்கள்
கீழே நின்று உயர்த்துவார்களே, அப்படி.