இரண்டு வரிசை

எங்கள் ஊர்த் தபால் நிலையத்தில் ஒரு கண்ணாடி,
கண்ணாடிக்கு அடியில் கை நுழையும் அளவு பிளவு.
பிளவுக்கு இந்தப் பக்கம் நான், ஓர்லா.
அந்தப் பக்கம் மழையும் மேயோ மாவட்டமும்.

பொருளுக்குப் பணம் கட்டியாயிற்று,
அனுப்பும் கூலியும் கட்டியாயிற்று,
பிறகும் ஒரு சீட்டு வீடு தேடிப் போகிறது.
அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள்,
சுங்கம் என்பது நான்தான் என்று நினைத்து.

மான்செஸ்டரிலிருந்து முக்காடு வரவழைத்த மணப்பெண்
முக்காட்டைவிட வரி நீளம் என்றாள்.
பேக்கரி வைத்திருக்கும் போலந்துக்காரர் ஸ்வாவோமிர்
சிகாகோ கேக் அச்சுக்குப் பணம் எண்ணி வைத்தார்,
நாணயத்துக்கு ஒரு சொல் வீதம்,
எனக்குத் தெரியாத மொழியில்.
புரிந்தது.
சுங்கம் தவிர்த்த ராஜா எவரும்
இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்ததில்லை.

போன நவம்பரில் டைக் லோஃப்டஸ் வந்தார்.
படகு எஞ்சின் பழுது பார்க்கிறவர்.
கம்பளித் துண்டால் வாயை மூடியிருந்தார்.
சீட்டைப் பிளவுக்குள் தள்ளினார்.
அனுப்புநர்: ஷோனெட், ஸ்வான்ஸீ.
உள்ளே இருப்பது: பல்செட், பயன்படுத்தியது.
மதிப்பு: முந்நூறு பவுண்ட்.
கட்ட வேண்டியது: எண்பத்து நாலு யூரோ.

அக்கா மகள் கல்யாணத்துக்குப் போனவர்
குளியலறைக் குவளையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்.
கப்பல் பாதிக் கடல் தாண்டிய பிறகு,
பன்றிக்கறித் தட்டு முன்னால் வந்தபோதுதான்
நினைவு வந்ததாம்.

துண்டை இறக்கினார்.
"ஈர்வையா? என் பல்லுக்கா?"
தகரம் பிறக்க இடமில்லாத வாய்.

அட்டவணையைப் புரட்டினேன்.
குதிரை மயிருக்கு ஓர் எண் இருக்கிறது,
பல்லுக்கும் இருக்கிறது.
போன பொருள் திரும்பி வந்தால் விலக்கும் உண்டு,
போனதற்குக் காகிதம் இருந்தால்.
வாயில் வைத்துக்கொண்டு போனதற்கு
எவன் தருவான் காகிதம்?

முந்நூறு என்று ஏன் போட்டாய் என்று
ஷோனெட்டைத் தொலைபேசியில் கேட்டேன்.
"மாமா பல் ஆயிற்றே,
குறைச்சு எழுத மனசு வரலை."
மரியாதைக்கும் சதவீதம் உண்டென்று
அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லவில்லை.

"பல்லைக் கடிச்சிக்கிட்டு கட்டிடுங்க"
என்று வாய் தவறிவிட்டது எனக்கு.
உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன்,
எனக்கு வசதி இருந்ததால்.
அவர் ஈறு தெரியச் சிரித்தார்.
வரிசை முழுக்கச் சிரித்தது.

சிரித்து முடித்த பிறகும் எண்பத்து நாலுதான்.
டீசல் வாசனையுள்ள நோட்டுகள்.
ஒன்றரை யூரோ குறைந்தது, நான் போட்டேன்.
அது எந்தக் கணக்கிலும் இல்லை.

நாலு நாள் ஓட்ஸ் கஞ்சி.
வெள்ளிக்கிழமை பார்சலைக் கவுண்டரிலேயே பிரித்தார்,
கழுவக்கூட இல்லை, மாட்டினார்,
வருவாய்த் துறையைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னார்.
அதை இங்கே எழுத முடியாது.
தகரம் ஒவ்வொன்றும் சுத்தமாக இருந்தது.

இப்போது ஷோனெட்டுக்குப் பெண் பிறந்திருக்கிறது.
ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம்.
நேற்று மூடுகிற நேரத்தில் பையோடு வந்து
"போறதுக்கு ஒரு காகிதம் இருந்தா குடு" என்றார்.

அப்படி ஒரு படிவம் கிடையாது.
வெள்ளைத் தாள் எடுத்து எழுதினேன்:
மேல் வரிசை ஒன்று, கீழ் வரிசை ஒன்று,
டைக் லோஃப்டஸின் வாயில் இன்று புறப்படுகின்றன.
திரும்பும்.
தேதி முத்திரையை இரண்டு தடவை குத்தினேன்,
வரிசைக்கு ஒன்று.

செல்லாது என்றேன். தெரியும் என்று தலையசைத்தார்.
மழைக்கோட்டின் ஜிப் சிக்கிக்கொண்டது,
இரண்டு கையும் வேண்டியிருந்தது.
தாளைப் பல்லில் கவ்விக்கொண்டார்.
மை நனையாதபடி முகத்தைச் சாய்த்து,
தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு
இறங்கிப் போனார்.